ஏழரை மணி நாடகம்

என் அப்பா பொய்ப்பல் செய்கிறவர். பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி ஈறின் வடிவத்தை எடுத்து, மெழுகில் பற்களைப் பதித்து, அப்புறம் மெழுகை உருக்கிவிட்டு அந்த இடத்தில் இளஞ்சிவப்பு பிளாஸ்டிக்கை வேகவைத்து, தேய்த்து, மெருகு போட்டுத் திருப்பி அனுப்புவது அப்பாவின் வேலை. ஊரில் பாதிப் பேர் அப்பா செய்த பல்லால்தான் மென்றார்கள், சிரித்தார்கள், சண்டை போட்டார்கள். ஆனால் அவர்களில் ஒருவருக்கும் அப்பாவைத் தெரியாது. பெயரெல்லாம் டாக்டருக்குத்தான்.

"ஊர்ல பாதிப் பேர் வாயில நான் இருக்கேன். ஒருத்தன் வாயிலயும் என் பேர் இல்ல" என்பார்.

இனிமையான மனிதர் என்று அவரை யாரும் சொன்னதில்லை, நானும் சொல்லப் போவதில்லை. கதவைச் சாத்தாமல் ஒருவர் போய்விட்டால் அவர் தெருமுனை தாண்டும் வரை ஜன்னலில் நின்று திட்டுவார். வீட்டின் முன்னறைதான் பட்டறை. அங்கே மெழுகு நாற்றமும் அப்பாவின் முணுமுணுப்பும் விடிந்ததிலிருந்து இருக்கும். சிரித்தால் என்ன குறைந்துவிடும் என்று அம்மா கேட்பாள். "சிரிக்கிற வாயைத்தானே நாள் பூரா பாத்துக்கிட்டிருக்கேன், போதும்" என்று பதில் வரும்.

அவருக்கு இருந்த ஒரே ஆசை காசு. செலவழிக்கிற காசு இல்லை, சேர்த்து வைக்கிற பழைய காசு. அதிலும் தங்கம் வெள்ளியெல்லாம் அவர் தேடவில்லை. தப்பாக அடிபட்ட காசுகளை மட்டும் சேர்த்தார். நாணயச் சாலையில் இரண்டு அச்சுக்கு நடுவில் உலோக வில்லையை வைத்து அழுத்தும்போது வில்லை நகர்ந்துவிட்டால் ராஜாவின் தலை பாதிதான் விழும். இரண்டு தடவை அடிபட்டால் வருஷம் இரட்டையாகத் தெரியும். அச்சில் விரிசல் விட்டிருந்தால் காசின் மேல் ஒரு மெல்லிய கோடு புடைத்துக்கொண்டு நிற்கும். இப்படி முந்நூற்றுச் சொச்சம். எல்லாம் மரப்பெட்டியில், தட்டுத் தட்டாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி. அவர் வேலையில் ஒரு மயிரிழை தப்பினால் அந்தப் பல்லைக் குப்பையில்தான் போட வேண்டும். தப்பிப் பிறந்தும் குப்பைக்குப் போகாமல் ஊரெல்லாம் சுற்றி வந்த காசின் மேல் அவருக்கு அப்படி ஒரு பிரியம்.

அதில் ஒன்றுக்கு அம்மா வைத்த பெயர் சளிமூக்கு ராஜா. ராஜாவின் மூக்கு நுனியிலிருந்து விளிம்பு வரை ஒரு விரிசல் கோடு ஒழுகியது போல ஓடும். அப்பாவுக்கு அந்தப் பெயர் பிடிக்காது. ஆனால் வேறு எந்தக் காசையும் அவர் வாரம் ஒருமுறை எடுத்துப் பார்த்து நான் கண்டதில்லை.

அம்மாவுக்கு ஒரு தம்பி. எனக்கு மாமா. சாப்பாட்டு நேரம் அவருக்குக் கடிகாரம் பார்க்காமலே தெரியும். டெலிவிஷனில் எழுத்து வேலை. ரொம்ப நாள் சோப்பு விளம்பரத்துக்கு இரண்டு வரி, குழந்தைகள் நிகழ்ச்சிக்கு நாலு வரி என்று ஓட்டிக்கொண்டிருந்தார். அப்போது இருந்தது ஒரே நிலையம்தான், கறுப்பு வெள்ளை. அந்த நிலையம் திடீரென்று ஒரு குடும்ப நகைச்சுவை நாடகத்தை அவரிடம் கொடுத்தது. வாராவாரம் செவ்வாய்க்கிழமை ஏழரை மணிக்கு.

"ஏழரைன்னு சொன்னப்பவே நான் முழிச்சிருக்கணும்" என்று அப்பா பின்னால் பல தடவை சொல்லியிருக்கிறார்.

முதல் செவ்வாய்க்கிழமை அடுத்த வீட்டுத் தையல்காரர் குடும்பத்தோடு எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தார். தெருவில் டெலிவிஷன் இருந்த நாலு வீட்டில் எங்களுடையது ஒன்று. அப்பாகூட வேலையை நிறுத்திவிட்டுக் கை கழுவி வந்தார். மச்சான் எழுதியது என்று அவருக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை.

பத்து நிமிஷம் எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் கதாநாயகனின் அக்கா புருஷன் என்று ஒரு ஆள் வந்தார். ஒல்லி உடம்பு, கை இல்லாத ஸ்வெட்டர், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் பூதக்கண்ணாடி. அவருக்கு நாடகத்தில் பெயர் கிடையாது. எல்லோரும் 'செல்லாக்காசு' என்றுதான் கூப்பிட்டார்கள். செல்லாக்காசு ஒரு பஸ்ஸில் ஏறினார். கண்டக்டர் கையில் ஒரு பழைய காசைப் பார்த்துவிட்டார். பையைக் கொட்டு, எல்லாக் காசையும் பார்க்கணும் என்று அடம்பிடித்தார். பஸ் நின்றது. பயணிகள் கத்தினார்கள். கண்டக்டர் காசை அள்ளப் போக, செல்லாக்காசு அலறினார்:

"விளிம்பைப் பிடி! விளிம்பைப் பிடி! மூஞ்சியில விரல் வைக்காதே!"

தையல்காரர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அவர் மனைவிக்குப் புரையேறியது. அம்மா முதலில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அத்தோடு அவள் சிரிப்பு நின்றது.

அந்த பஸ் சம்பவம் போன வருஷம் நடந்தது. பதினோரு நிமிஷம் பஸ்ஸை நிறுத்தியவர் அப்பா. பாதியில் இறங்கி வீடு வரை நடந்தே வந்தவள் அம்மா. 'விளிம்பைப் பிடி' என்பது அப்பாவின் வாய்ச்சொல். நான் நாலு வயதில் முதல் காசைத் தொட்டபோது கேட்டது.

"சார், அப்படியே உங்களை மாதிரியே இருக்கு!" என்றார் தையல்காரர், ஏதோ பாராட்டுகிற மாதிரி.

"என்ன மாதிரி?" என்றார் அப்பா.

தையல்காரர் மனைவியைப் பார்த்தார். குழந்தைகளை எழுப்பிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

மூன்றாவது வாரத்துக்குள் ஊர் முழுக்க அந்தச் சொல் பரவிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கடையில் சில்லறை கொடுக்கிறவன் "விளிம்பைப் பிடிங்க" என்றான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே நின்று கத்திவிட்டு ஓடின. பல் டாக்டர்கள் அச்சுப் பெட்டியின் மேல் 'விளிம்பைப் பிடித்துத்தான் வைத்திருக்கிறேன்' என்று சீட்டு ஒட்டி அனுப்பினார்கள். இருபது வருஷமாக வேலை கொடுத்தவர்கள் என்பதால் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சீட்டைக் கிழித்து மெழுகடுப்பில் போடுவார், அவ்வளவுதான். அதுவரை பெயரில்லாதவராக இருந்தவருக்குக் கடைசியில் ஒரு பெயர் கிடைத்தது: செல்லாக்காசு.

மாமா நாலாவது வாரம் சாப்பிட வந்தார். அப்பா சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து, தட்டில் கை வைக்கவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"எழுத்தாளரே, கேக்கணும்னு இருந்தேன். அந்த ஆளு யாரு?"

"எந்த ஆளு அத்தான்?"

"பூதக்கண்ணாடி."

"ஐயோ, அது உங்களை இல்ல அத்தான். பொதுவா ஒரு கேரக்டர்."

"பஸ்ஸும் பொதுவா? பதினோரு நிமிஷமும் பொதுவா?"

மாமா அக்காவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

"என்னை வெச்சு எழுதினதுக்குக்கூட நான் கோவிக்கல" என்றார் அப்பா. "ஆனா அவன் வாயைத் தொறந்தா, இது லட்சம் பெறும், அது ரெண்டு லட்சம் பெறும்னு விலை பேசுறான். போன வாரம் ஒருத்தி அவன் காசை எடுத்து கலர் வாங்கிக் குடிச்சிட்டா, அவன் கடை கடையா ஓடுறான். நான் என்னைக்காவது விலை பேசி நீ கேட்டிருக்கியா?"

மாமா தட்டை நகர்த்தினார். அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது.

"அத்தான், தப்பா அடிச்ச அச்சு, விரிசல் கோடுன்னு நான் எழுதினா எவன் பாப்பான்? பழைய காசுன்னா ஒண்ணு அது விலை போகணும், இல்லாட்டி தொலையணும். ரெண்டும் சேந்தா அரை மணி நேரம் ஓடும். உலகம் பூரா அப்படித்தான் எழுதுறாங்க. நான் புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கல."

"அப்ப உனக்கு என் வீட்டுச் சாப்பாடு எதுக்கு? உலகம் பூரா போய்ச் சாப்பிடு."

மாமா எழுந்து கை கழுவாமலே போனார். அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போய்வந்தாள். அடுத்தடுத்த வாரங்களில் எங்கள் வீட்டு விஷயங்கள் ஒழுங்காக நாடகத்தில் வந்துகொண்டிருந்தன. அப்பா பல் துலக்கும்போது பாடுவது, தூக்கத்தில் வருஷங்களை உளறுவது எல்லாம். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்ல? அப்பா கேட்கவுமில்லை. அம்மாவோடு பேசுவதை மட்டும் குறைத்துக்கொண்டார்.

விசித்திரம் என்னவென்றால் அவர் ஒரு செவ்வாய்க்கிழமைகூடத் தவறவிட்டதில்லை. உட்கார மாட்டார். பட்டறைக் கதவு நிலையில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, எதிராளி வீட்டை நோட்டம் விடுகிற மாதிரி பார்ப்பார்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமைதான் அது நடந்தது. நாடகத்தில் வீட்டு வேலைக்காரி, ஐயாவுக்கு உதவி செய்வதாக நினைத்து, அவருடைய காசுகளைப் பாத்திரம் தேய்க்கிற பவுடர் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "பாருங்கய்யா, எப்படி மின்னுது!" என்று ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். காமிரா அந்தக் காசின் கிட்டே போனது. திரை முழுக்க ராஜாவின் தலை. மூக்கிலிருந்து விளிம்பு வரை ஒரு கோடு.

செல்லாக்காசு மயங்கி விழுந்தார். டெலிவிஷனுக்குள் இருந்த கூட்டம் வெடித்துச் சிரித்தது.

 அப்பா உள்ளே போய் மரப்பெட்டியைத் திறந்தார். நானும் பின்னால் போனேன். ஏழாவது தட்டில் அந்தக் குழியில் ஒரு காசு இருந்தது, அதே அளவு, அதே ராஜா, ஒரு குறையும் இல்லாத சாதாரணக் காசு. அப்பா அதை வெளியே எடுத்துக்கொண்டு வந்து அம்மாவின் முன்னால் மேசையில் வைத்தார்.

"இது யாரு?"

அம்மாவின் முகம் வெளுத்தது. "ஒரு நாளைக்குத்தான் கேட்டான். காமிராவுல கிட்டக்க காட்டணும், நிஜமான காசா இருந்தா நல்லாருக்கும்னு சொன்னான். தேய்க்கிற மாதிரி நடிப்பாங்கன்னு நெனச்சேங்க. நிஜமாவே தேய்ப்பாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"நடிக்கிறது யாருன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது" என்றார் அப்பா.

அம்மாவிடம் அவர் பேசிய கடைசி வாக்கியம் அது. கடைசி என்றால் பதினாலு மாதத்துக்கு. "உங்கம்மாகிட்ட சொல்லு", "உங்கப்பாகிட்ட கேளு" என்று இரண்டு பேருக்கும் நடுவில் நான் தபால்காரி ஆனேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது, ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை. வீட்டுக்கு வந்தும் அதே வேலைதான். ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குப் பிழையில்லாமல் கொடுப்பது.

மறுநாள் டெலிவிஷன் நிலையத்து வேனில் ஒரு உறை வந்தது. உள்ளே காசு, புது ஆணி மாதிரி பளபளவென்று. மாமா ஒரு சீட்டும் வைத்திருந்தார்: 'எட்டு டேக் ஆகிவிட்டது அத்தான். ஆனால் பாருங்கள், புதுசாகிவிட்டது.' காசுக்கும் ஒரு தோல் உண்டு. நூறு வருஷம் ஆயிரம் கை பட்டு, காற்றுப் பட்டு ஏறுகிற ஒரு கருமை. அது உரிந்து போயிருந்தது. மூக்கிலிருந்து ஓடிய கோடும் பாதி வழியில் மழுங்கி நின்றது. அப்பா காசை ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினார். விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான்.

சனிக்கிழமை மதியம் எனக்கு ஆபீஸ் அரை நாள். "கிளம்பு" என்றார். எங்கே என்று கேட்கவில்லை. அந்த நாடகத்தைச் சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆட்களை உட்காரவைத்துத்தான் படம் பிடிப்பார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

நிலையம் ஒரு பெரிய கிடங்கு மாதிரி இருந்தது. ஒரு பக்கம் படிப்படியாக நாற்காலிகள். எதிரே, மூன்று சுவர் மட்டும் உள்ள ஒரு வீடு. மேலே பத்துப் பன்னிரண்டு விளக்கு. சுவர் ஓரத்தில் ஒரு ஆள் நின்று எப்போது சிரிக்க வேண்டும், எப்போது கைதட்ட வேண்டும் என்று கையால் காட்டினான். யாருக்கும் அவன் தேவைப்படவில்லை. ஸ்வெட்டர் போட்ட நடிகர் உள்ளே வந்ததுமே எல்லோரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்பாவும் தன் வழக்கமான கை இல்லாத ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வேறு உடுப்பு போடச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

செல்லாக்காசு வேலைக்காரியைத் திட்டுகிற இடம் வந்தது. அப்பா எழுந்து படியில் நின்றார்.

"நிறுத்துங்கய்யா!"

 விளக்குகள் அவர் பக்கம் திரும்பவில்லை, ஆனால் தலைகள் திரும்பின.

"அடுத்தவன் வீட்டுப் பொருளைத் திருடிட்டு வந்து தேய்க்கிறீங்களே, இதுல சிரிக்க என்ன இருக்கு? அந்தக் காசு என்ன பாடுபட்டுதுன்னு உங்களுக்குத் தெரியுமா? நூறு வருஷம்! நூறு வருஷம் ஒருத்தனும் அதைக் கெடுக்கல!"

அதே குரல், அதே ஸ்வெட்டர். இரண்டு செல்லாக்காசு. கூட்டம் இது நாடகத்தில் ஒரு பகுதி என்றே நினைத்துவிட்டது. சிரிப்பு முன்வரிசையில் தொடங்கிக் கடைசி வரிசை வரை ஏறியது. அப்பா பேசப் பேச ஏறியது. மேடையிலிருந்த நடிகர் பழம் தின்று கொட்டை போட்ட ஆள். ஒரு கணம் திகைத்தவர், சட்டென்று கையை உயர்த்தி அப்பாவைக் காட்டி அலறினார்:

"ஐயோ, படியில நிக்கிறாரு, விழுந்துடப் போறாரு! யாராவது பிடிங்க! மூஞ்சியில கை வைக்காதீங்க, விளிம்பைப் பிடிங்க!"

கிடங்கே அதிர்ந்தது. அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அடக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை. வாயை மூடுவதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

டைரக்டருக்கு அந்தக் காட்சி ரொம்பப் பிடித்துப்போய் அப்படியே வைத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை ஏழரைக்கு அப்பாவே டெலிவிஷனில் வந்தார். அன்று மட்டும் அவர் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் அவர் கடைக்குப் போவதை நிறுத்தினார். மாதம் ஒருமுறை நூலகத்து மாடியில் கூடும் காசு சேகரிப்பவர் சங்கம் ஒன்றுதான் அவருக்கு மிச்சம். அங்கே இருப்பவர்களுக்காவது புரியும் என்று போனார். சங்கத்துச் செயலாளர் ஓடிவந்து கையைக் குலுக்கினார். "உங்க புண்ணியத்துல நாப்பது பேர் புதுசா சேந்திருக்காங்க சார்! ஆண்டுவிழாவுக்கு உங்க மச்சானையே தலைமை தாங்கக் கூப்பிட்டிருக்கோம்!" அப்பா அங்கேயே ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார். வாசலில் அவர் மடக்கி வைத்திருந்த குடையையும் எடுக்க மறந்துவிட்டார். அதை எடுத்துவரச் சொல்லி யாரிடமும் கேட்கவும் இல்லை.

ஏழெட்டு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, ஒரு டாக்டர் போன் செய்தார். அவசர வேலை, மேல் வரிசைப் பல் இரண்டாக உடைந்துவிட்டது, நேரே ஆளையே அனுப்புகிறேன் என்றார். அரை மணியில் வாசலில் டெலிவிஷன் நிலையத்து வேன் நின்றது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒல்லியாக ஒருவர் இறங்கினார். ஸ்வெட்டர் இல்லாமல் எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.

அவர் காகிதப் பொட்டலத்தை நீட்டினார். அப்பா பிரித்து, இரண்டு துண்டையும் சேர்த்துப் பார்த்தார். பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவரே செய்த பல். யாருடையது என்று தெரியாமலே செய்தது. அலமாரியின் மேல்தட்டிலிருந்து அந்த வாயின் பிளாஸ்டர் அச்சைத் தேடி எடுத்து மேசையில் வைத்தார்.

"இத்தனை நாளா என் பல்லை வெச்சுத்தான் என்னைக் கடிச்சிருக்கீங்க" என்றார்.

நடிகருக்கு அப்போதுதான் எதிரே நிற்பது யார் என்று புரிந்தது. கைக்குட்டை நழுவியது. பல் இல்லாத முகம் உள்ளே விழுந்து, எழுபது வயது சொல்லும்படி இருந்தது.

"மூனு மணிக்கு ரெக்காடிங் இருக்குங்க ஐயா" என்றார். பாதி எழுத்து காற்றாகவே போனது.

"இருக்கட்டும். ஒரு தடவை சொல்லுங்க."

"என்னது?"

"ஊரே சொல்லுதே. நான் இன்னும் நேர்ல கேக்கல. சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "விலிம்பைப் புலி" என்றார் மெல்ல. பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பது எவ்வளவு உண்மை. அங்கே யாரும் சிரிக்கவில்லை.

அப்பா வேலையை ஆரம்பித்தார். உடைந்த பல்லை ஒட்ட இரண்டு வழி உண்டு. தூளும் திரவமும் கலந்து பூசினால் இருபது நிமிஷத்தில் இறுகிவிடும். அந்த டப்பா அப்பாவின் வலது கைப்பக்கம் இருந்தது. இன்னொன்று, முழுசாக அச்சில் வைத்து வெந்நீரில் மெதுவாக வேகவைப்பது. பலமாக இருக்கும், ஆனால் நாள் பூராவும் ஆகும். அப்பா அடுப்பைப் பற்றவைத்துப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றினார்.

நான் டப்பாவைப் பார்த்தேன். அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

ஒரு மணிக்கு மாமா வந்தார். ஒன்றரை வருஷத்துக்கு அப்புறம் எங்கள் வாசலில். உள்ளே வரத் தயங்கி வெளியிலேயே நின்றார்.

"அத்தான், நூத்தம்பது பேர் வந்து உக்காந்திருப்பாங்க. கொஞ்சம் சீக்கிரம்..."

அப்பா என்னிடம் சொன்னார்: "அவசரப்பட்டா குமிழி விழும்னு அவர்கிட்ட சொல்லு."

"அத்தான், அன்னிக்கு நடந்ததுக்கு நான் மன்னிப்பு கேக்கறேன். கால்ல வேணா விழறேன்."

"குமிழி விழுந்தா பல்லு திரும்ப உடையும்னு சொல்லு."

அம்மா சமையலறைக் கதவில் நின்று கொண்டிருந்தாள். தம்பிக்காக ஒரு வார்த்தை பேசுவாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய்விட்டாள். மாமா இரண்டரை மணி வரை நின்றுவிட்டு வேனில் ஏறிப் போனார். நடிகர் முன்னறை நாற்காலியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். நான் டீ கொடுத்தேன். அப்பா செய்தித்தாளை எடுத்து விளம்பரம் உட்பட ஒரு வரி விடாமல் படித்தார். ஏழு மணிக்குப் பல்லை எடுத்து, மெருகு போட்டு, தண்ணீரில் அலம்பி, அவர் கையில் வைத்தார். ஒட்டின இடம் தெரியவில்லை. கூலி எவ்வளவு என்று நடிகர் கேட்டார். "நிலையத்துக்குப் பில் அனுப்பறேன்" என்றார் அப்பா. அனுப்பினார். ஒரு பைசா குறைக்கவில்லை.

அன்று மாமா மேடையோரத்தில் உட்கார்ந்து அவசர அவசரமாகக் கதையை மாற்றினாராம். செல்லாக்காசு ஊருக்குப் போய்விட்டார், அவருக்குப் பதில் காது கேட்காத ஒரு அத்தை வந்துவிட்டாள். அத்தையாக நடிக்க ஒப்பனை போடுகிற அம்மாளையே பிடித்து நிறுத்தினார்கள். ஜனங்களுக்கு அத்தையை ஒரேயடியாகப் பிடித்துவிட்டது. செல்லாக்காசு ஊரிலிருந்து திரும்பி வந்தார், ஆனால் வாரத்துக்கு இரண்டு வசனம்தான். பிறகு ஒன்று. அடுத்த வருஷம் அவர் திரும்ப ஊருக்கே போய்விட்டார். மாமாவுக்குப் பரிசு கிடைத்தது, சம்பளம் ஏறியது.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். அப்பா நொந்தது அம்பைத்தான்.

ஒரு நாள் நடிகரே வந்தார். ஈறு சுருங்கிப் பல் ஆடுகிறது என்று டாக்டர் சீட்டோடு வந்தார். ஆனால் பேச வந்தது வேறு.

"என் பொழப்பைக் கெடுத்துட்டீங்க ஐயா. அன்னிக்கு அந்த டப்பா அங்க இருந்துச்சு. எனக்கும் கண்ணு தெரியும். வேற ஒருத்தர்கிட்ட அப்புறம் கேட்டுத் தெரிஞ்சுகிட்டேன்."

"ஆமா, இருந்துச்சு."

"காசைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? ஸ்வெட்டர் குடுத்தாங்க, போட்டேன். வசனம் குடுத்தாங்க, பேசினேன். நான் என்ன தப்பு பண்ணினேன்?"

அப்பா அவர் பல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நல்லாப் பேசினீங்க. அதான் தப்பு."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள். பிறகு அப்பா, "வாயைத் தொறங்க" என்றார்.

அவர்கள் நண்பர்களாகவில்லை. அதற்கப்புறம் ஒன்பது வருஷம், வருஷத்துக்கு ஒருமுறை அவர் வருவார், நாற்காலியில் உட்காருவார், வாயைத் திறப்பார். அப்பா பார்ப்பார், தேய்ப்பார், கொடுப்பார். அந்தப் பல் வேலைக்கு மட்டும் அவர் கூலி வாங்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "பேச்சு வேண்டாம்னு நானும் சொல்லிட்டேன், அவரும் சொல்லிட்டாரு. பில் போட்டா பேச வேண்டி வரும்" என்றார்.

அம்மாவும் அப்பாவும் பேசத் தொடங்கியது ஒரு குழாய் உடைந்த நாளில். தண்ணீர் பட்டறைக்குள் பாய்ந்தபோது "பெட்டியைத் தூக்குங்க!" என்று அம்மா கத்தினாள், "நீ அந்தப் பக்கம் பிடி!" என்று அப்பா கத்தினார். அவ்வளவுதான். மன்னிப்பு என்றெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. சண்டைகூட முன்னைப்போலவே போட ஆரம்பித்தார்கள். மாமாவோடு மட்டும் அப்பா கடைசி வரை பேசவில்லை. என் கல்யாணத்தில் மாமா கை நீட்டினார். அப்பா அந்தக் கையில் ஒரு காலி தட்டை வைத்துவிட்டு நகர்ந்தார்.

பத்தாவது வருஷம் நடிகர் வரவில்லை. அவர் மகள் கடிதம் போட்டிருந்தாள். தன் அப்பாவை வேறு ஊருக்குத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டதாகவும், அங்கே பல் செய்கிறவர் பழைய அச்சைக் கேட்பதாகவும். அப்பா அலமாரியிலிருந்து அந்த அச்சை இறக்கி, பஞ்சு சுற்றி, பெட்டியில் வைத்தார். பிறகு உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினார். நான் அன்று பிறந்த வீட்டுக்கு வந்திருந்ததால் டைப் அடிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். இடது பக்கம் ஈறு மெலிந்திருக்கிறது, அங்கே அழுத்தம் கூடாது. கீழ்த்தாடை கொஞ்சம் வலப்பக்கம் சாயும். 'இவர் வேகமாகப் பேசுகிறவர். முன்பல்லை ஒரு நூலளவு உள்ளே தள்ளி வைத்தால்தான் சொல் தெளிவாக வரும்.'

நான் அடித்து முடித்ததும் ஒருமுறை படித்தார். ஒரு எழுத்துப் பிழையைக் காட்டித் திட்டினார். கையெழுத்துப் போடவில்லை. பெட்டியைக் கட்டி அம்மாவிடம் தபாலில் சேர்க்கச் சொல்லிவிட்டு, அன்று காலை வந்திருந்த அடுத்த பெட்டியைத் திறந்தார்.